வரைபடத் தேர்வில் உயர்ந்த வலது கை

துறைத்தலைவர் போன் செய்து, "மேடம், புதுசா சேர்ந்த லெக்சரர்ஸ் எல்லாரையும் எக்ஸாம் டியூட்டில போட்டிருக்கோம். உங்க அனுபவத்துல இருந்து நாலு வார்த்தை எழுதிக் குடுங்களேன்" என்றார். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருப்பவளுக்கு இப்படி ஓர் அழைப்பு வந்தால் தலைகால் புரியாது. யோசிக்காமல் சரி என்றுவிட்டேன். பேனாவை எடுத்த பிறகுதான் மாட்டிக்கொண்டது தெரிந்தது. உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒரே ஒரு விஷயம்தான் இருக்கிறது, அது எனக்கே இன்னும் தெளிவாகவில்லை.

விடைத்தாள் கட்டை எப்படிக் கட்டுவது, வராதவர் பட்டியலை எந்த நேரத்துக்குள் அனுப்புவது என்பதெல்லாம் சுற்றறிக்கையில் இருக்கிறது. படித்துக்கொள்ளுங்கள். படிக்கமாட்டீர்கள், தெரியும். நானும் முழுதாகப் படித்ததில்லை. அதில் இல்லாத ஒன்றைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். கடைசியில் தெளிவான முடிவு கிடைக்கும் என்று எதிர்பார்த்து உட்காராதீர்கள்.

அருள்ராஜ் மெக்கானிக்கல் முதலாம் ஆண்டில் சேர்ந்தபோது வகுப்பில் இருந்த எல்லாரையும்விட நான்கு வயது மூத்தவன். சுங்குவார்சத்திரத்தில் வீடு. வலது கையை எப்போதும் பேண்ட் பாக்கெட்டிலேயே வைத்திருப்பான். எனக்கு அது திமிராகப் பட்டது. முதல் வாரமே, மொத்த வகுப்பின் முன்னால், "டீச்சர்கிட்ட பேசறப்ப பாக்கெட்ல இருந்து கையை எடு" என்றேன். எடுத்தான். கட்டைவிரல் மட்டும் இருந்தது. மற்ற நான்கும் அடியோடு இல்லை.

"உள்ள வெச்சுக்கலாமா மேடம்?" என்று கேட்டான்.

அவனுடைய கையை அவனுடைய பாக்கெட்டில் வைக்க என்னிடம் அனுமதி கேட்கிறான்! நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. அன்று வெப்பவியலில் எந்தப் பாடம் நடத்தினேன் என்பதும் நினைவில்லை. மாணவர்கள் எழுதிக்கொண்டார்கள், அவ்வளவுதான் தெரியும்.

மறுநாள் அவனைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிளஸ் டூ முடித்துவிட்டு ஒரகடம் பக்கம் ஒரு சின்ன பிரஸ் ஷாப்பில் கான்ட்ராக்டில் வேலை பார்த்தானாம். தகட்டை உள்ளே வைத்து, அழுத்தி, பீஸ் எடுக்கும் வேலை.

"ரெண்டு பட்டன் இருக்கும் மேடம். ரெண்டு கையாலயும் ஒண்ணா அமுக்குனாத்தான் பிரஸ் எறங்கும். கை உள்ள மாட்டக் கூடாதுன்னுதான் அப்புடி வெச்சிக்கிறாங்க. எங்க லைன்ல ஒரு பட்டன அமுக்குன மாதிரியே டேப் சுத்தி ஒட்டி வெச்சிருந்தோம். ஒரு கை ஃப்ரீ ஆயிடும்ல, பீஸ் சீக்கிரமா வெக்கலாம்."

"சூப்பர்வைசர் ஒண்ணும் சொல்லலியா?"

"அவரு நல்ல மனுசன் மேடம். டார்கெட் முடிஞ்சா பசங்க நேரத்தோட வூட்டுக்குப் போவட்டும்னு வுட்டுட்டாரு. அன்னைக்கு என்ன ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு ஓடனதும் அவருதான்."

இதை அவன் சொன்ன விதம் எனக்குப் புரியவில்லை. கோபம் இல்லை, அழுகை இல்லை. பஸ் தாமதமானதைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னான். நான்தான் அன்றிரவு சாப்பிடாமல் படுத்தேன்.

இப்போது என் தவறுக்கு வருகிறேன். உடல் குறைபாடு உள்ள தேர்வர்களுக்கு ஸ்கிரைப் வைத்துக்கொள்ள விதி இருக்கிறது. தேர்வர் வாயால் சொல்வதை எழுதித் தருகிற ஆள். அதற்கு ஒரு படிவம். அவனை எல்லார் முன்னாலும் அவமானப்படுத்திய பழியை எப்படியாவது கழுவிவிட வேண்டும் என்ற வேகத்தில் நானே அந்தப் படிவத்தை வாங்கி, நானே நிரப்பினேன். 'உதவியாளர் தேவைப்படும் தாள்கள்' என்று ஒரு கட்டம். அதில் 'அனைத்தும்' என்று எழுதினேன். அருள்ராஜ் எதிரில்தான் நின்றிருந்தான். "இங்க ஒரு சைன் போடுப்பா" என்று நீட்டினேன். இடது கையால் போட்டான். நிதானமாக, கோடு பிசகாமல் போட்டான். அதைக் கண்ணால் பார்த்தேன். அதிலிருந்து எதையும் தெரிந்துகொள்ளவில்லை.

ஸ்கிரைபாக வந்தவள் ரேவதி. நம் அலுவலக உதவியாளர் ஒருவரின் மகள், அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். முத்து முத்தாக எழுதுவாள். கணிதம், இயற்பியல் எல்லாவற்றிலும் இவன் சொல்ல அவள் எழுத, பிரமாதமாகப் போயிற்று. அவன் இடது கையால் நான்கு வரி எழுதுவான், நாற்பது பக்கம் எழுத முடியாது. அதனால் அந்தத் தாள்களில் நான் செய்தது சரிதான். என் பக்கம் பேச ஏதாவது வேண்டுமல்லவா, அதனால் இதைச் சொல்லிவைக்கிறேன்.

பிறகு பொறியியல் வரைபடத் தாள் வந்தது. உங்களுக்குத் தெரியும், அதில் எழுத ஒன்றுமில்லை. மேஜை அளவு தாளை ஒட்டி, பலகையில் டிராஃப்டர் என்ற நகரும் அளவுகோலை மாட்டி, பென்சிலால் கோடு போட வேண்டும். அதை வாயால் சொல்லி வரைய வைக்க வேண்டும். தனி அறையில் அவர்கள் இருவரும் கண்காணிப்பாளராக நானும். அந்தப் பாடத்தை நடத்துகிறவர் கண்காணிக்கக் கூடாது, நான் நடத்துவது வெப்பவியல் என்பதால் அந்த அறைக்குப் போக எனக்குத் தடையில்லை. அதற்காகப் படம் புரியாதவளும் இல்லை.

"அறுகோணம் ஒண்ணு போடும்மா. பக்கம் முப்பது மில்லிமீட்டர்."

"அறுகோணத்துக்கு எத்தன பக்கம் அண்ணா?"

"ஆறு."

"ஆறுமே முப்பதா?"

"ஆறுமே முப்பதுதான்."

கொஞ்ச நேரம் கழித்து ரேவதி அழும் குரலில், "அண்ணா, இது கடைசில சேர மாட்டேங்குதே" என்றாள்.

அருள்ராஜ் சிரித்துவிட்டான். எனக்கும் சிரிப்பு வந்தது. தேர்வு முடிவு வந்தபோது சிரிப்பு வரவில்லை. அடுத்த தேர்வுக்கு முன் ரேவதிக்கு வரைபடம் சொல்லிக்கொடுக்கலாமா என்று ஆசிரியர் அறையில் கேட்டேன். கொடுக்கலாம் என்றார் ஒருவர். கொடுத்தால் அது முறைகேடு என்றார் இன்னொருவர். மூன்றாமவர், "எதுக்கு மேடம் வம்பு?" என்றார். மூன்று பேர் சொன்னதும் எனக்குச் சரியாகத்தான் பட்டது. ஒன்றும் செய்யாமல் விட்டேன். அந்த முறையும் தேறவில்லை.

இப்படியே இறுதியாண்டு வந்துவிட்டது. மற்ற எல்லாத் தாள்களையும் முடித்துவிட்டான், இது ஒன்று மட்டும் அரியராக நின்றது. அந்தச் சமயத்தில் இந்தப் பக்கத்துக் கம்பெனி ஒன்று டூல் டிசைன் பிரிவுக்கு ஆள் எடுக்க வந்தது. பிரஸ்ஸுக்குள் போகிற அச்சுகளை வடிவமைக்கிற வேலை. அருள்ராஜைத் தேர்ந்தெடுத்தார்கள். நேர்காணலில் என்ன கேட்டார்கள் என்று விசாரித்தேன். "கை உள்ள போவாம பீஸ் எடுக்கறதுக்கு எப்புடி டிசைன் பண்ணுவேன்னு கேட்டாங்க. எனக்கு இன்னா மேடம் தெரியாது அதுல?" என்றான். முதல் தடவையாக அவன் சத்தமாகச் சிரித்ததைக் கேட்டேன். ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள். வேலையில் சேரும் நாளில் அரியர் இருக்கக் கூடாது.

வேலைக்குப் போனால் கம்ப்யூட்டரில்தான் வரையப் போகிறான். ஆய்வகத்தில் இடது கையால் மவுஸைப் பிடித்து வகுப்பிலேயே வேகமாக வரைகிறவன் அவன்தான். அதைப் பார்த்தபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. நான் வேறு ஒரு ஸ்கிரைபைத் தேடிக்கொண்டிருந்தேன்.

தேடியதில் கிடைத்தான் தினேஷ். பக்கத்து ஐ.டி.ஐ.யில் டிராஃப்ட்ஸ்மேன் படிப்பு முடிக்கப் போகிறவன். எங்களுக்கு வந்த சுற்றறிக்கையில் ஸ்கிரைபின் படிப்பு தேர்வரின் படிப்பைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்று இருந்தது. ஐ.டி.ஐ. குறைவுதானே? படம் வரையத் தெரிந்தவனாகவும் ஆயிற்று, விதியையும் மீறவில்லை. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். இந்த மாதிரி மெச்சிக்கொள்ளத் தோன்றும்போது ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி யோசியுங்கள்.

தேர்வு நாள். மூன்று மணி நேரம், அதன் மேல் கூடுதலாக ஒரு மணி நேரம். முதல் கேள்விக்கு அருள்ராஜ் நிறுத்தி நிறுத்திச் சொன்னான், தினேஷ் வரைந்தான். நன்றாகத்தான் போனது. இரண்டாவது கேள்வி, ஒரு கூம்பைச் சாய்வாக வெட்டி அதன் மேற்பரப்பை விரித்துக் காட்ட வேண்டும். அருள்ராஜ், "மொதல்ல ஒரு வட்டம் போடு" என்றான். தினேஷ் வட்டம் போட்டான். அருள்ராஜ் அடுத்ததை யோசித்துக்கொண்டிருந்தான். தினேஷின் கை யோசிக்கவில்லை. வட்டத்தைப் பன்னிரண்டாகப் பிரித்து, கோடுகளை மேலே ஏற்றி, வெட்டைப் போட்டு, விரிப்பையும் ஆரம்பித்துவிட்டான். அவன் ஏமாற்ற நினைத்தான் என்று சத்தியமாக நான் நினைக்கவில்லை. பழகிய கை, போய்விட்டது.

நான் பார்த்தேன். அதை இங்கே எழுதிவிடுகிறேன். முதல் கோட்டிலேயே பார்த்தேன்.

பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே கம்பெனி பஸ்கள் வரிசையாகத் திரும்பிக்கொண்டிருந்தன. எந்தப் பஸ் எந்தக் கம்பெனியுடையது என்று நிறத்தை வைத்துக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன். மனதுக்குள் ஒரு குரல், இது முறைகேடு, நிறுத்து என்றது. இன்னொரு குரல், நான்கு விரலை விட்டவனிடம் போய்ச் சட்டம் பேசுவாயா என்றது. அவனுக்குப் படம் தெரியும், தெரிந்ததைத்தானே இவன் வரைகிறான் என்றது மூன்றாவது குரல். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன். இரண்டாவது முடிந்து மூன்றாவது கேள்வியும் பாதிக்கு வந்துவிட்டது. அருள்ராஜின் குரல் நின்று வெகுநேரமாகியிருந்தது.

திரும்பிப் பார்த்தபோது அருள்ராஜ் கையைத் தூக்கிக்கொண்டிருந்தான். வலது கை. மூன்று வருடமாகப் பாக்கெட்டை விட்டு வெளியே வராத கை.

"மேடம், நான் சொல்றதுக்கு முன்னாடியே இவரு வரையறாரு."

தினேஷ் பென்சிலைப் போட்டுவிட்டு எழுந்தேவிட்டான். "நான் ஹெல்ப்புதான மேடம் பண்ணேன்?"

"உட்காருப்பா" என்றேன்.

"இந்த ஷீட் வாணாம் மேடம். வேற ஷீட் குடுங்க. நானே போட்டுக்கிறேன்."

"உன்னால முடியுமா?"

"முடியும். லேட்டாவும். ஆனா முடியும்."

இப்போது நீங்கள் என் இடத்தில் நில்லுங்கள். நடந்ததை அறிக்கையில் எழுதினால் இருவர் மீதும் முறைகேட்டு விசாரணை வரும், தாள் ரத்தாகும், வேலை போகும். "பேசாம உட்காரு, அப்படியே போகட்டும்" என்று சொன்னால் அவன் தேறுவான். புதுத் தாள் கொடுத்தால் நேரம் போதாது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒரு முதன்மைக் கண்காணிப்பாளர் இருந்தார், பெயர் வேண்டாம். "ஹாலுக்குள்ள இரக்கமும் வேணாம், கோபமும் வேணாம். குழப்பமா இருந்தா கடிகாரத்தைப் பாரு" என்பார். எரிச்சலூட்டும் மனிதர். ஆனால் அந்த நிமிடத்தில் வேறெதுவும் தோன்றாமல் கடிகாரத்தைத்தான் பார்த்தேன். ஒன்றரை மணி நேரம் போயிருந்தது. இரண்டரை மணி நேரம் மிச்சமிருந்தது.

பழைய தாளைக் குறுக்கே அடித்துவிட்டுப் புதுத் தாளைக் கொடுத்தேன். தினேஷைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தேன்.

அருள்ராஜ் வரைந்ததை உங்களுக்கு எப்படிச் சொல்வது? வலது உள்ளங்கையின் ஓரத்தால் டிராஃப்டரின் அளவுகோலை அழுத்திப் பிடித்துக்கொண்டான். கட்டைவிரலால் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிச் சரிசெய்தான். இடது கையில் பென்சில். இது அன்று முளைத்த வித்தை இல்லை. வீட்டில் பல மாதம் பழகிய கைகள். கோடு மெல்லியதாக, நேராக விழுந்தது. மணி அடித்தபோது இரண்டு கேள்வி முழுதாகவும் மூன்றாவது பாதியும் முடித்திருந்தான்.

அறிக்கையில் நான் எழுதியது ஒரே வரி. 'தேர்வரின் விருப்பப்படி உதவியாளர் விலக்கப்பட்டார்.' பொய் இல்லை. ஆனால் ஜன்னலைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

சில மதிப்பெண்களில் தவறினான். கம்பெனி காத்திருக்கவில்லை. வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த தேர்வில் அவன் தனியாகவே வரைந்து தேறிவிட்டான் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடைசிவரை அதையே நினைத்துக்கொண்டு படிப்பீர்கள். தேறினான். பட்டமும் வாங்கினான். இப்போது ஒரு வேலையில் இருக்கிறான், அவன் விரும்பிய டூல் டிசைன் இல்லை. விரும்பியது மறுபடி அமையவில்லை. அமையும் என்று நான் இன்னும் நினைக்கிறேன், அவன் அப்படி நினைக்கிறானா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நான் சொல்ல வந்தது, தவறிய முடிவு வந்த பிறகு, அந்த அடுத்த தேர்வுக்குப் படிவம் வாங்க அவன் என் அறைக்கு வந்த நாளைப் பற்றி. இந்த முறை படிவத்தையும் பேனாவையும் அவன் பக்கம் தள்ளிவிட்டேன். 'உதவியாளர் தேவைப்படும் தாள்கள்' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினான். 'கூடுதல் நேரம்' என்ற இடத்தில் 'வேண்டும்' என்று எழுதினான். எழுதி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். "இதை முதல் வருஷமே சொல்லியிருக்கலாம்ல? எனக்கு ஆள் வேணாம், டைம் மட்டும் போதும்னு?"

"நீங்க ஃபில்லப் பண்ணிட்டு சைன் போடச் சொன்னீங்க மேடம். அதான் ரூல் போலன்னு நெனச்சிகினேன். உங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப் போவுதுன்னு."

தேர்வு நாளிலிருந்து கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"அன்னிக்கு நீ கை தூக்காம இருந்திருந்தா இன்னிக்கு வேலையில இருந்திருப்ப. ஏன்ப்பா தூக்கின?"

"தெரியல மேடம். நானும் அதயேதான் யோசிச்சிகினு கீறேன். எங்க அம்மாவும் கேட்டாங்க. சில நாளு தப்பு பண்ணிட்டனோன்னு தோணுது. சில நாளு தோணல."

"தூக்கறதுன்னு முடிவு பண்ணினா உடனே தூக்கியிருக்கலாம். எவ்வளவு நேரம் போயிடுச்சு. அந்த நேரம் இருந்திருந்தா நீ தனியாவே பாஸ் பண்ணியிருப்ப."

அவன் படிவத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நீங்க சொல்வீங்கன்னு பாத்தேன் மேடம். மொதக் கோடு போட்டப்பவே நீங்க பாத்துட்டீங்க. இப்ப நிறுத்துவாங்க, இப்ப நிறுத்துவாங்கன்னு உங்களயே பாத்துகினு இருந்தேன். நீங்க ஜன்னலாண்ட திரும்பிகினீங்க."

"உனக்கு நல்லது நடக்கட்டும்னுதான்ப்பா..."

"தெரியும் மேடம்" என்றான். குரலில் குற்றச்சாட்டு துளிகூட இல்லை. அது இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "எங்க சூப்பர்வைசரும் நல்லவருதான். அவரும் டேப்ப டெய்லி பாத்துகினுதான் போவாரு."

பிறகு, "சைன் எங்க போடணும் மேடம்?" என்று கேட்டான்.

இடத்தைக் காட்டினேன். போட்டான்.